ஆற்றுத் தள்ளுபடகு

ஆற்றுத் தள்ளுபடகு என்பது, தாமாக இயங்கும் ஆற்றல் இல்லாத சரக்கு மிதவைகளை ஒன்றாகப் பிணைத்து, அவற்றைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்லும் ஆற்றுக்கலம் ஆகும். தானியம், நிலக்கரி, பெட்ரோலியப் பொருட்கள், உரம், மணல், உருக்கு போன்ற விலை குறைந்த, எடை மிகுந்த சரக்குகளை நெடுந்தொலைவு கொண்டு செல்வதற்கு இது பயன்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி, ஒகையோ, இலினொய் ஆகிய ஆறுகளில் இவ்வகைப் போக்குவரத்து மிகவும் வளர்ச்சி அடைந்துள்ளது. ஐரோப்பாவின் ரைன், தன்யூபு, சீனாவின் யாங்சி, தென் அமெரிக்காவின் பராகுவே, பரானா, ஆப்பிரிக்காவின் காங்கோ ஆகிய ஆறுகளிலும் தள்ளுபடகுகள் உள்ளன. ஒரே கலத்தைக் கொண்டு பல்லாயிரம் டன் சரக்கைக் குறைந்த எரிபொருளில் நகர்த்த முடிவது இதன் சிறப்பு. அதே வேளை, ஆற்றின் ஆழம் ஓர் அடி குறைந்தாலும் இதன் சிக்கனம் குலைந்துவிடுகின்றது. அண்மைக் காலத்தில் இத்துறை எதிர்நோக்கும் சிக்கல்களில் முதன்மையானது இதுவே.

பெயர்

ஆங்கிலத்தில் இக்கலத்துக்கு வழங்கும் பெயரின் நேர்ப்பொருள் "இழுவைப் படகு" என்பதாகும். ஆயினும் இது பெரும்பாலும் இழுப்பதில்லை, தள்ளவே செய்கின்றது. தொடக்க காலத்தில் மிதவைகளைக் கயிறு கட்டி இழுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர், முறை மாறிய பின்னரும் நிலைத்துவிட்டது. துறைமுகங்களில் பெரிய கப்பல்களைக் கயிற்றால் இழுத்தும் மோதித் தள்ளியும் கரை சேர்க்கும் இழுவைக் கப்பல் இதிலிருந்து வேறுபட்டது. இழுவைக் கப்பலின் முன்புறம் கூராகவும், அடிப்பகுதி ஆழமாகவும் இருக்கும். தள்ளுபடகின் முன்புறம் சதுரமாகவும், அடிப்பகுதி தட்டையாகவும் இருக்கும்.

தள்ளுபடகு கொண்டு செல்லும் சரக்குக் கலம் தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் பார்ஜ் என வழங்கப்படுகின்றது. இக்கட்டுரையில் அது மிதவை எனவும், பல மிதவைகள் பிணைக்கப்பட்ட தொகுப்பு மிதவைத் தொகுதி எனவும் குறிக்கப்படுகின்றன.

அமைப்பு

தள்ளுபடகின் முன்புறத்தில் செங்குத்தான இரண்டு தடித்த உருக்குத் தாங்கிகள் உள்ளன. இவற்றின் மேற்பரப்பில் தேய்வைத் தடுக்க ரப்பர் பொருத்தப்படுவதுண்டு. படகு இத்தாங்கிகளைக் கடைசி வரிசை மிதவைகளின் மீது பதித்து, உருக்குக் கம்பிவடங்களால் இறுகக் கட்டிக்கொள்ளும். இதனால் படகும் மிதவைகளும் ஒரே கலம் போல நகர்கின்றன.

தட்டையான அடிப்பகுதி காரணமாகப் படகு ஆழமற்ற நீரிலும் செல்லக்கூடியது. பின்புறத்தில் இரண்டு அல்லது மூன்று உந்துவிசிறிகள் இருக்கும். பல படகுகளில் ஒவ்வோர் உந்துவிசிறியைச் சுற்றியும் ஒரு வளையக்கூடு அமைக்கப்பட்டிருக்கும். செருமனியைச் சேர்ந்த லுட்விக் கோர்ட் என்பவரின் பெயரால் அறியப்படும் இக்கூடு, குறைந்த வேகத்தில் உந்துவிசையைக் கூட்டுகின்றது.

சுக்கான் அமைப்பும் தனித்தன்மை வாய்ந்தது. வழமையான சுக்கான்கள் உந்துவிசிறிக்குப் பின்னால் அமையும். தள்ளுபடகில் அவற்றுடன், உந்துவிசிறிக்கு முன்னாலும் சுக்கான்கள் உள்ளன. பொறியைப் பின்னோக்கி இயக்கும்போது நீரோட்டம் இவற்றின் மீது பாய்வதால், வேகத்தைக் குறைத்தவாறே மிதவைத் தொகுதியின் திசையை மாற்ற முடிகின்றது. ஆற்று வளைவுகளில் நீரோட்டத்தோடு இறங்கும்போது இது இன்றியமையாதது.

சுக்கான் அறை படகின் மேல்தட்டில் உயரத்தில் அமைந்திருக்கும். முன்னால் 300 மீட்டருக்கு விரிந்து கிடக்கும் மிதவைகளுக்கு அப்பால் பார்க்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். தாழ்ந்த பாலங்கள் உள்ள சிகாகோ போன்ற பகுதிகளில் ஓடும் படகுகளில், சுக்கான் அறையையே மேலும் கீழும் நகர்த்தும் வசதி உண்டு. சுக்கான் சக்கரத்துக்குப் பதிலாக நெம்புகோல்களே பயன்படுகின்றன. ராடார், ஆழமானி, திரும்பும் வேகத்தைக் காட்டும் கருவி, மின்னணு வரைபடம், வலுவான தேடொளி விளக்குகள் ஆகியன அங்கு இடம்பெறும். மிதவைகளை இடம் மாற்றும் சிறிய படகுகளின் ஆற்றல் ஆயிரம் குதிரைத்திறன் அளவில் இருக்க, நெடுந்தொலைவு செல்லும் பெரிய படகுகளின் ஆற்றல் 6,000 முதல் 10,000 குதிரைத்திறன் வரை இருக்கும்.

மிதவைத் தொகுதி

மிசிசிப்பி ஆற்றில் பரவலாகக் காணப்படும் உலர்சரக்கு மிதவை 195 அடி (ஏறத்தாழ 59 மீட்டர்) நீளமும் 35 அடி (10.7 மீட்டர்) அகலமும் கொண்டது. இது 9 அடி ஆழம் நீரில் அமிழும்போது சுமார் 1,500 அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 1,360 மெட்ரிக் டன் சரக்கை ஏற்கும். இது 15 தொடருந்துச் சரக்குப் பெட்டிகளின் சுமைக்கு அல்லது ஏறத்தாழ 60 சுமையுந்துகளின் சுமைக்குச் சமம்.

மேல் மிசிசிப்பியில் வழமையான தொகுதி 15 மிதவைகளைக் கொண்டது. அகலவாக்கில் 3, நீளவாக்கில் 5 என இவை அடுக்கப்படும். படகையும் சேர்த்து மொத்த நீளம் 350 மீட்டர் அளவில் இருக்கும். இத்தொகுதி 22,500 அமெரிக்க டன் சரக்கைச் சுமக்கின்றது. இதே சுமையைத் தரைவழியே கொண்டு செல்ல 900 அளவிலான சுமையுந்துகள் தேவைப்படும். செயின்ட் லூயிஸ் நகருக்குத் தெற்கே ஆறு அகன்று, நீர்ப்பூட்டுகள் இல்லாது ஓடுவதால், அங்கு 30 முதல் 40 மிதவைகள் வரை ஒரே படகினால் தள்ளப்படுவதுண்டு.

இழுக்காமல் தள்ளுவதற்கான காரணங்கள் மூன்று. முதலாவதாக, இழுக்கும்போது உந்துவிசிறி பின்னோக்கித் தள்ளும் நீர் மிதவைகளின் முகப்பில் மோதி அவற்றைத் தடுக்கின்றது. தள்ளும்போது இத்தடை இல்லை. இரண்டாவதாக, கயிற்றின் முனையில் வரும் மிதவைகள் வளைவுகளில் ஒதுங்கிக் கரையில் மோதக்கூடும். மூன்றாவதாக, நீரோட்டத்தோடு செல்லும்போது இழுக்கும் கலம் வேகத்தைக் குறைத்தால், பின்னால் வரும் மிதவைகள் அதன் மீதே ஏறிவிடும்.

எரிபொருள் சிக்கனத்தைப் பொறுத்தவரை, டெக்சாஸ் போக்குவரத்து நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கேலன் எரிபொருளைக் கொண்டு ஒரு டன் சரக்கைச் சுமையுந்து 155 மைல், தொடருந்து 413 மைல், ஆற்று மிதவை 576 மைல் கொண்டு செல்லும்.

வரலாறு

நீராவிப் பொறி வருவதற்கு முன், மிசிசிப்பியில் ஆற்றோட்டத்தோடு இறங்குவது எளிதாகவும், எதிர்த்து ஏறுவது கடும் உழைப்பாகவும் இருந்தது. படகோட்டிகள் கரையில் நடந்தபடி நீண்ட கயிற்றால் படகை இழுத்தனர். 1811 அக்டோபரில் பிட்சுபர்க் நகரிலிருந்து புறப்பட்ட "நியூ ஓர்லியன்ஸ்" என்னும் நீராவிப் படகு, 1812 சனவரியில் நியூ ஓர்லியன்ஸ் நகரை அடைந்தது. இதுவே அவ்வாற்றுத் தொகுதியில் ஓடிய முதல் நீராவிப் படகு ஆகும். அடுத்த அரை நூற்றாண்டு நீராவிப் படகுகளின் பொற்காலமாக விளங்கியது. பின்னாளில் மார்க் டுவெயின் எனப் புகழ்பெற்ற எழுத்தாளர், 1859இல் மிசிசிப்பிப் படகுகளுக்கான மீகாமன் உரிமம் பெற்றவர். அவரது புனைபெயரே, ஆழம் அளக்கும் பணியாளர் "இரண்டு பாகம்", அதாவது 12 அடி ஆழம் உண்டு எனக் குரல் கொடுக்கும் சொல்லாகும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் தொடருந்துப் பாதைகள் பெருகியதால் பயணிகளும் சரக்கும் ஆற்றை விட்டு விலகின. எனினும் பிட்சுபர்க் பகுதி நிலக்கரி தொடர்ந்து ஆற்று வழியே சென்றது. இதற்காகவே பல மிதவைகளைக் கட்டித் தள்ளும் முறை வளர்ந்தது. 1901இல் அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரில் கட்டப்பட்ட "ஸ்பிரேக்", பின்சக்கரம் கொண்ட நீராவித் தள்ளுபடகுகளில் மிகப் பெரியது. 1907இல் இது 60 மிதவைகளில் 67,307 டன் நிலக்கரியை ஒரே தொகுதியாகத் தள்ளிச் சென்றது. 1948இல் பணியிலிருந்து விலக்கப்பட்ட இப்படகு, 1974இல் விக்சுபர்க் நகரில் தீக்கிரையானது.

முதல் உலகப் போரின்போது தொடருந்துகளில் நெரிசல் ஏற்பட்டதால், 1918இல் அமெரிக்க நடுவண் அரசு தானே மிதவைப் போக்குவரத்தில் இறங்கியது. 1930இல் இயற்றப்பட்ட சட்டம், மேல் மிசிசிப்பியில் 9 அடி ஆழமுள்ள கால்வழியைப் பேண வழி செய்தது. இதன்படி அடுத்த பத்தாண்டுகளில் அணைகளும் நீர்ப்பூட்டுகளும் வரிசையாகக் கட்டப்பட்டன. அதே காலத்தில் டீசல் பொறியும் நீருக்கடியில் சுழலும் உந்துவிசிறியும் நீராவிப் பொறியையும் துடுப்புச் சக்கரத்தையும் படிப்படியாக அகற்றின.

நீர்ப்பூட்டுகளைக் கடத்தல்

நீர்ப்பூட்டு என்பது, மேலும் கீழும் கதவுகளைக் கொண்ட பெரிய நீர்த்தொட்டி ஆகும். கலம் உள்ளே நுழைந்ததும் கதவுகள் மூடப்பட்டு, நீர் நிரப்பப்படும் அல்லது வடிக்கப்படும். ஏற்றிகள் ஏதுமின்றி, புவியீர்ப்பினாலேயே நீர் பாய்கின்றது. இவ்வாறு கலம் அணையின் ஒரு பக்க நீர்மட்டத்திலிருந்து மறுபக்க நீர்மட்டத்துக்கு மாற்றப்படுகின்றது.

1930களில் கட்டப்பட்ட நீர்ப்பூட்டுகளில் பெரும்பாலானவை 600 அடி நீளமும் 110 அடி அகலமும் கொண்டவை. மூன்று மிதவைகளின் மொத்த அகலம் 105 அடி. ஆகவே இருபுறமும் சேர்த்து எஞ்சும் இடைவெளி 5 அடி மட்டுமே. நீளமோ போதாது. 15 மிதவைகள் கொண்ட தொகுதி ஆயிரம் அடியைக் கடப்பதால், அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் 9 மிதவைகள் உள்ளே சென்று, கரையிலுள்ள சுருள்பொறியால் வெளியே இழுக்கப்படும். பின்னர் எஞ்சிய 6 மிதவைகளும் படகும் செல்லும். அதன் பின் இரு பகுதிகளும் மீண்டும் பிணைக்கப்படும். 1,200 அடி நீர்ப்பூட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் வேலை, இவ்வாறு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமாக நீள்கின்றது. அறுவடைக் காலத்தில் பின்னால் காத்திருக்கும் படகுகளின் வரிசையும் நீள்கின்றது.

இக்குறையைப் போக்க, மிசிசிப்பியில் ஐந்தும் இலினொய் ஆற்றில் இரண்டுமாக ஏழு இடங்களில் 1,200 அடி நீர்ப்பூட்டுகளைக் கட்ட 2007இல் அமெரிக்கக் காங்கிரசு இசைவளித்தது. ஆனால் நிதி உடனே கிடைக்கவில்லை. மிசூரி மாநிலத்தின் வின்ஃபீல்டு அருகிலுள்ள 25ஆம் எண் நீர்ப்பூட்டுக்கு 73.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது 2022இலேயே ஆகும். ஒகையோ ஆற்றிலுள்ள ஓல்ம்ஸ்டெட் அணையின் வரலாறும் இத்தகையதே. 1988இல் 77.5 கோடி டாலர் மதிப்பீட்டில் இசைவு பெற்ற அது, 2018இல் இயங்கத் தொடங்கியபோது செலவு ஏறத்தாழ 300 கோடி டாலரை எட்டியிருந்தது.

பணியாளர்

நெடுந்தொலைவு செல்லும் படகில் பொதுவாக 8 முதல் 10 பேர் பணியாற்றுவர். கேப்டன், மீகாமன், பொறியாளர், தளப் பணியாளர்கள், சமையலர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். வேலை ஆறு மணி நேர முறைகளாகப் பகுக்கப்படுகின்றது. காலை 6 முதல் 12 வரையும் மாலை 6 முதல் 12 வரையும் கேப்டனும், எஞ்சிய நேரங்களில் மீகாமனும் படகைச் செலுத்துவது மரபு. நான்கு வாரம் தொடர்ந்து படகில் தங்கியபின் இரண்டு வாரமோ நான்கு வாரமோ விடுமுறை பெறுவர்.

மிதவைகளைப் பிணைக்கும் வேலை தளப் பணியாளருடையது. கனத்த கம்பிவடங்களைத் தோளில் சுமந்து, மிதவைகளின் ஓரமாக நடந்து, இறுக்கிகளால் முறுக்கிக் கட்ட வேண்டும். பனி உறைந்த இரவிலும் இவ்வேலை நிற்பதில்லை. கால் வழுக்கி இரு மிதவைகளுக்கு இடையில் விழுபவர் அவற்றின் அடியில் இழுக்கப்பட்டுவிடக்கூடும். கம்பிவடம் அறுந்து வீசுவதும் கைகால்களை முறிக்கக்கூடியது. ஆகவே தளத்தில் உயிர்காப்பு மேலங்கி அணிவதும், தனியே நடப்பதைத் தவிர்ப்பதும் அடிப்படை விதிகளாக உள்ளன.

விபத்துகளும் ஒழுங்குவிதிகளும்

முழுச் சுமையுடன் செல்லும் தொகுதியை உடனே நிறுத்த முடியாது; அதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு தேவைப்படலாம். இதனால் சிறு பிழையும் பெருங்கேடாக முடியக்கூடும். 1993 செப்டம்பர் 22 அன்று அலபாமா மாநிலத்தில், மூடுபனியில் வழி தவறிய தள்ளுபடகு ஒன்றின் மிதவைகள் தொடருந்துப் பாலம் ஒன்றில் மோதின. சில நிமிடங்களில் அப்பாலத்துக்கு வந்த பயணிகள் தொடருந்து தடம்புரண்டதில் 47 பேர் உயிரிழந்தனர். படகைச் செலுத்தியவர் ராடாரைப் பயன்படுத்தப் போதிய பயிற்சி பெறாதவர் என விசாரணையில் தெரியவந்தது. 2002 மே 26 அன்று ஓக்லஹோமா மாநிலத்தில், கேப்டன் திடீரென நினைவிழந்ததால் மிதவைகள் நெடுஞ்சாலைப் பாலத்தில் மோதின. பாலம் சரிந்து வாகனங்கள் ஆற்றில் விழுந்ததில் 14 பேர் இறந்தனர்.

நெடுங்காலமாகத் தள்ளுபடகுகளில் பெரும்பாலானவை அரசின் முறையான கலப்பரிசோதனைக்கு உட்படாமலே இயங்கின. 2004இல் இயற்றப்பட்ட சட்டம் அவற்றைப் பரிசோதனைக்கு உட்பட்ட கலங்களின் பட்டியலில் சேர்த்தது. இதற்கான விரிவான விதிகளை அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2016இல் வெளியிட்டது. 2022 சூலைக்குள் இவ்விதிகளுக்கு உட்பட்ட படகுகள் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. பரிசோதனைச் செலவைத் தாங்க இயலாத பழைய படகுகள் சில பணியிலிருந்து விலகின.

தாழ்நீரும் அதன் விளைவுகளும்

மிதவை ஒன்று ஓர் அடி குறைவாக அமிழுமாறு சரக்கேற்றினால், அது ஏற்கும் சுமை ஏறத்தாழ 200 டன் குறைகின்றது. 15 மிதவைகளுக்கு இது 3,000 டன், அதாவது இரண்டு மிதவைகளின் முழுச் சுமை. படகு, பணியாளர், நாட்கள் ஆகியவற்றுக்கான செலவு குறைவதில்லை; ஈட்டும் வருவாய் மட்டும் குறைகின்றது. கால்வழி குறுகும்போது ஒரு தொகுதியில் சேர்க்கக்கூடிய மிதவைகளின் எண்ணிக்கையும் குறைக்கப்படுகின்றது.

மெம்பிசு நகரிலுள்ள நீர்மானியில் 1988இல் பதிவான சுழிக்குக் கீழ் 10.70 அடி என்பதே நீண்டகாலம் மிகத் தாழ்ந்த அளவாக இருந்தது. 2022 அக்டோபரில் அது சுழிக்குக் கீழ் 10.81 அடியாகவும், 2023 அக்டோபரில் சுழிக்குக் கீழ் 12.04 அடியாகவும் இறங்கியது. இங்குச் சுழி என்பது ஆற்றின் அடித்தளத்தைக் குறிப்பதன்று. முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு மட்டத்தைக் குறிக்கும். எனவே இவ்வளவுகள் ஆறு வற்றியதைக் காட்டவில்லை. கலங்கள் செல்லத்தக்க வழி குறுகியதையே காட்டுகின்றன.

2022 அக்டோபரில் படகுகள் தரைதட்டியதாலும் அவசரத் தூர்வாரும் பணிகளாலும் ஆறு பல இடங்களில் மூடப்பட்டது. 2,000க்கும் மேற்பட்ட மிதவைகள் வரிசையில் காத்திருந்தன. செயின்ட் லூயிசிலிருந்து தெற்கே தானியம் கொண்டு செல்லும் கட்டணம் டன்னுக்கு 100 டாலரைக் கடந்தது. அமெரிக்காவின் மக்காச்சோள, சோயா ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மிசிசிப்பியின் கழிமுகத் துறைகள் வழியாகவே செல்வதால், இச்செலவு உழவரின் தலையில் விழுந்தது. கட்டணம் உயரும்போது ஆற்றோரத் தானியக் கிடங்குகள் உழவருக்குக் கொடுக்கும் விலையைக் குறைப்பது வழக்கம். அறுவடையை மழை வரும்வரை சேமித்து வைக்கக் களஞ்சியம் இல்லாதவர் குறைந்த விலைக்கே விற்க நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலும் நீர்மட்டம் தாழ்ந்தது.

இந்நிலை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 2018 அக்டோபரில் ரைன் ஆற்றின் கௌப் நீர்மானி 25 சென்டிமீட்டராக இறங்கியபோது, கலங்கள் சுமையில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றிச் செல்ல முடிந்தது. ஆற்றை நம்பியிருந்த வேதிப்பொருள் ஆலைகளின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. 2021இல் பரானா ஆற்றின் நீர்மட்டம் 1944க்குப் பின் காணாத அளவுக்குத் தாழ்ந்தது.

துறையின் அண்மைய மாற்றங்கள்

அமெரிக்காவின் உள்நாட்டு நீர்வழிகளுக்கான பெரிய கட்டுமானங்களின் செலவில் ஒரு பகுதியைப் படகு நிறுவனங்களே எரிபொருள் வரியாகச் செலுத்துகின்றன. இவ்வரி 2015 ஏப்ரலில் கேலனுக்கு 20 சென்டிலிருந்து 29 சென்டாக உயர்த்தப்பட்டது. உள்நாட்டுத் துறைகளுக்கு இடையில் சரக்கு கொண்டு செல்லும் கலங்கள் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டு, அமெரிக்கரால் உடைமையாகக் கொள்ளப்பட்டு, இயக்கப்பட வேண்டும் என 1920ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. இதனால் அயல்நாட்டு மலிவுக் கலங்களின் போட்டி இல்லை. அதே வேளை புதிய படகின் விலை மிகுதியாக உள்ளது.

சரக்கின் தன்மையும் மாறி வருகின்றது. அனல்மின் நிலையங்களில் நிலக்கரிப் பயன்பாடு குறைந்ததால், ஒகையோ ஆற்றின் பழைய முதன்மைச் சரக்கு சுருங்கியுள்ளது. பொறிகளைப் பொறுத்தவரை, எல்லாத் திசைகளிலும் திரும்பக்கூடிய உந்துவிசிறிகளைக் கொண்ட படகுகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. இவற்றுக்குத் தனியே சுக்கான் தேவையில்லை. செருமனியில் 2022 மே மாதம் பெயர்சூட்டப்பட்ட "எலெக்ட்ரா" என்னும் தள்ளுபடகு, மின்கலங்களாலும் ஐதரசன் எரிபொருட் கலங்களாலும் இயங்குவது. பெர்லின் பகுதியிலும், அங்கிருந்து ஹாம்பர்க் வரையிலும் செல்லும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது. ஆயினும் பல நாட்கள் இடைவிடாது ஓடும் மிசிசிப்பிப் படகுகளில் டீசலே மேலோங்கி நிற்கின்றது.

இந்தியாவில்

இந்தியாவில் உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் 1986இல் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் கங்கையில் ஆல்டியா முதல் அலகாபாத் வரையிலான 1,620 கிலோமீட்டர் பகுதி முதலாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக்கியது. 2022 பெப்ரவரியில் ஆல்டியாவிலிருந்து புறப்பட்ட "ராம் பிரசாத் பிஸ்மில்" என்னும் கலம், "கல்பனா சாவ்லா", "ஏ. பி. ஜே. அப்துல் கலாம்" எனப் பெயரிடப்பட்ட இரு மிதவைகளுடன், 1,793 டன் உருக்குக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு, வங்காளதேசம் வழியாக மார்ச்சு 15 அன்று அசாமின் பாண்டு துறையை அடைந்தது.

தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயில், கரையில் நடந்தபடி ஆட்கள் கயிற்றால் இழுத்த படகுகள் ஒரு காலத்தில் சென்னைக்கு விறகும் உப்பும் கொண்டு வந்தன. இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக உள்ளது. எனினும் பல இடங்களில் தூர்ந்தும் குறுகியும் போனமையால், நீர்வழியாக அறிவிக்கப்பட்டது மட்டும் அதில் கலங்கள் ஓடப் போதுமானதாக இல்லை. கங்கையிலும் கோடைக்காலத்தில் போதிய ஆழத்தைப் பேணுவதே தொடர்ந்த சவாலாக உள்ளது. மிசிசிப்பியைப் போலவே இங்கும், எத்தனை மிதவைகளை ஒரு படகு தள்ளலாம் என்பதைப் பொறியின் ஆற்றலைவிட ஆற்றின் ஆழமே முடிவு செய்கின்றது.